ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் கணவர் ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்?

நானும் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவன்தான் சகோதரி. அதனால் அவருக்காகவும் கொஞ்சம் பேசுகிறேன்.

சண்டையைப் பார்த்ததால்தான் இப்படி என்று ஊரில் நினைப்பார்கள். சிலருக்கு அதுவும் உண்டு. ஆனால் என்னோடு வந்தவர்களில் பலருக்கு இடித்தது வீடுதான். வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, அதுபோகக் கொஞ்சம் கேஷுவல் லீவு. அத்தனை வருஷமும் நாங்கள் வீட்டுக்கு விருந்தாளி. வந்தால் கறிக்குழம்பு, கிளம்பினால் கண்ணீர். ஓய்வு பெற்று வந்த புதிதில் அதே லீவு மாதிரிதான் ஓடும். அப்புறம்தான் உறைக்கும், கேஸ் புக் பண்ணுவதிலிருந்து ஸ்கூல் ஃபீஸ் வரை எல்லாம் நாம் இல்லாமலே நடந்து பழகிவிட்டது என்று. எனக்குக் காலை நாலரைக்கே முழிப்பு வந்துவிடும். வரிசையில் நிற்கும் ஃபால் இன் கிடையாது, பேர் கூப்பிடும் ரோல் கால் கிடையாது. ஷேவ் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு உட்கார்ந்திருப்பேன். எங்கே போவது? பையன் எட்டு மணிக்கு எழுந்து வந்தால் அவன் மேல் பாய்வேன்.

சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பலரும் 40 வயதையொட்டி வெளியே வந்துவிடுகிறார்கள். செக்‌ஷன் என்கிற சிறு படைக்குழுவையே நடத்தியவர் ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்வார். பென்ஷன் வருகிறதே, என்ன குறை என்பார்கள் சொந்தக்காரர்கள். மிலிட்டரி கேன்டீன் கோட்டாவில் வரும் மது பாட்டில் வேறு கைக்கெட்டும் தூரத்தில். பலரைக் கவிழ்ப்பது அதுதான்.

அவர் வாய் திறக்காததற்கும் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் மருத்துவத் தகுதிக்கு 'ஷேப்' (SHAPE) என்று ஒரு கணக்கு உண்டு. அதன் முதல் எழுத்தே மனநலத்துக்குத்தான். அதில் கேட்டகிரி இறங்கினால் புரமோஷன் அடிபடும். தூக்கம் வரவில்லை என்பதைக்கூட எம்.ஐ. ரூம் என்கிற யூனிட் மருத்துவ அறையில் சொல்லாமல் மறைத்துப் பழகியவர்கள் நாங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் விடுவதில்லை. இப்போது டாக்டரைப் பார்த்தால் பென்ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்ட அட்டை இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேட்கலாம். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்களே பேசிப் பாருங்கள். டாக்டரிடம் போகலாம் என்று நீங்கள் கூப்பிட்டால் முறைப்பார். பக்கத்து ஊரில் அவருடைய பழைய யூனிட் ஆள் யாராவது இருந்தால் அவரை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.