மன்னிப்புக் கேட்டாயிற்றே?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்கு 2008-லேயே பிரதமர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். இன்னும் ஏன் அதையே கிளறுகிறார்கள்? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: 2008 பிப்ரவரி 13 அன்று கெவின் ரட் கேட்ட மன்னிப்பை நான் மதிக்கிறேன். அவருக்கு முன்பிருந்த ஜான் ஹோவர்ட் கடைசிவரை மறுத்த மன்னிப்பு அது. ஆனால் யாரிடம் கேட்டார் என்று யோசித்தீர்களா?

ப்ரூஸ் ட்ரெவொரோ என்று ஒருவர். 1957 கிறிஸ்துமஸ் அன்று, பதின்மூன்று மாதக் குழந்தை. வயிற்றுக் கோளாறு என்று அடிலெய்ட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு வாரத்துக்குள், பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டது அரசு வாரியம். பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்கு வருவான் என்று அம்மா கடிதம் எழுதினார். தேறி வருகிறான், டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்கிறார் என்று பதில் வந்தது. அப்போது பிள்ளை மருத்துவமனையிலேயே இல்லை!

பத்து வயதில் தாயிடம் திரும்பினார், ஒட்ட முடியவில்லை. அப்புறம் மனச்சோர்வு, குடி. அதே வறுமையில், ஆனால் வீட்டிலேயே வளர்ந்த அண்ணன்மார் ஊர் மதிக்கும் மனிதர்களானார்கள். பிரித்தது சட்டவிரோதம் என்று 2007-ல் நீதிமன்றம் சொன்னது. 5,25,000 டாலர் இழப்பீடும் கொடுத்தது. மறு வருடம் இறந்துபோனார். வயது 51.

இவர் ஒருவர் மட்டுமல்ல. 1910 முதல் 1970 வரை பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள் என்று 1997 விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. இப்படிப் பிரித்த பையன்களை அடைத்துவைத்த கிஞ்செலா என்ற விடுதியில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அம்மா மடியே தெரியாமல் வளர்ந்தவர், தன் பிள்ளையை எப்படித் தூக்கிக் கொஞ்சுவது என்று யாரிடம் கற்றுக்கொண்டிருப்பார்? அந்தக் காயம் அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சட்டம் மாறிய தேதியில் அது நிற்கவில்லை.

சரி, இப்போதாவது நின்றதா? அந்த அறிக்கை வந்தபோது, அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் பூர்வகுடி. இன்று பத்தில் நான்கு பேருக்கு மேல். நாட்டின் மொத்தக் குழந்தைகளில் அவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான்.