வெயில் நாட்டார் சோம்பேறிகளா?

கேள்வி: என் மகள் சாதாரண தரத்தில் புவியியல் படிக்கிறாள். ரியூசன் கொப்பியில், "வெப்ப வலய மக்கள் இயல்பாகவே சோம்பல் உடையவர்கள், குளிர் நாட்டவர் சுறுசுறுப்பானவர்கள்; பண்பாடு காலநிலையின் விளைவு" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் "பண்பாட்டின் கூறுகள்: மொழி, மதம், உணவு, உடை" என்று நான்கு சொற்கள், அவ்வளவுதான். மலையையும் ஆற்றையும் படிக்கிற பாடத்தில் இது எதற்கு? அப்படியே பாடமாக்கினால் போதுமா?
— ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்த முதல் வரியை உங்கள் மகள் பாடமாக்கவே கூடாது. அது பிழை. நம் பிள்ளைகள் தங்களைப் பற்றியே நம்பிவிடக்கூடிய பிழை என்பதால் கொடியதும் கூட.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கருத்துக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன், எந்தெந்த நாடு எவ்வளவு நாகரிகம் உடையது என்று அறிஞர்கள் பலரிடம் தரம் கேட்டு வாங்கி, அதை உலகப்படத்தில் வரைந்து, காலநிலைப் படத்தோடு ஒப்பிட்டார். அவர் கேட்டவர்களில் பெரும்பாலோர் மேலை நாட்டினர். அவர்கள் தங்கள் நாடுகளுக்கே மேல் தரம் கொடுத்தார்கள். அந்தப் படம் காலநிலையை அளக்கவில்லை, கேட்கப்பட்டவர்களின் எண்ணத்தை அளந்தது. பிரான்சின் புவியியலாளர் விடால் டி லா பிளாஷ் வேறு விதமாகச் சொன்னார்: இயற்கை சில வழிகளைத் திறந்து வைக்கிறது, எந்த வழியில் போவது என்பதை மனிதர் தீர்மானிக்கிறார்கள். இன்றைய புவியியலுக்கு நெருக்கமானது இதுவே.

சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். வெயிலால் மனிதர் சோம்பேறியாவது உண்மையானால், கந்தளாய்க் குளத்தைக் கட்டியது யார்? திருகோணமலையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. அந்த வறட்சிக்கு மனிதர் கொடுத்த விடைதான் குளம், வாய்க்கால், பெரும்போகம், சிறுபோகம் என்ற ஒழுங்கு. நடுப்பகலில் வயற்காரர் நிழலில் இருப்பதைப் பார்த்துச் சோம்பல் என்று எழுதுகிறவர், அவர் விடியுமுன் வயலுக்குப் போனதைப் பார்க்கவில்லை.

இனி உங்கள் மகளின் அடுத்த பக்கம். பண்பாடு பிறப்பில் வருவதல்ல, பார்த்தும் கேட்டும் கற்றும் வருவது. அதில் கையால் தொடக்கூடிய பொருட்கள் உண்டு, மனிதர் தமக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு, நம்பிக்கைகளும் மதிப்புகளும் உண்டு. நான்கு சொல்லைத் தனித்தனியே எழுதினால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியாது. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கடலடி மணலாக இருந்தால்தான் இந்த வலை ஓடும், பாறையும் முருகைக்கல்லும் உள்ள இடத்தில் மீன் சேரும் பையான மடி கிழியும். அது நிலம் விதிக்கும் எல்லை. தோணி, கயிறு, மடி எல்லாம் பொருட்கள். எந்தப் பாட்டில், அதாவது வலை வளைக்கும் எந்தக் கரைத்துண்டில், யார் வளைப்பது, யாருக்கு முதல் முறை, செலவு போக மிஞ்சியதை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியும் இழுத்தவர்களும் எப்படிப் பிரிப்பது என்பவை ஏற்பாடுகள். வெள்ளியில் கடலுக்குப் போகாதவர், ஞாயிறில் போகாதவர், புதுத் தோணிக்குப் பூசை செய்பவர் என்று நம்பிக்கையும் அதே மணலில் நிற்கிறது. இதில் ஒன்றை அசைத்தால் மற்றவையும் அசையும். உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றும் விஞ்சு பூட்டி இழுக்கத் தொடங்கிய இடங்களில் இருபது முப்பது பேரின் கை தேவைப்படவில்லை, ஆகவே பழைய பங்குக் கணக்கும் நிலைக்காது.

மதத்தை மட்டும் எழுதி நிறுத்துகிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். கிழக்குக் கரையில் மணமான மகள் தாய்வீட்டை ஒட்டிக் குடியிருப்பதும், வீடு மகளுக்குப் போவதும் தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. மதம் வேறு, வழக்கம் ஒன்று. வரைபடத்தில் மத வாரியாக நிறம் தீட்டினால் இந்த ஒற்றுமை மறைந்துபோகும்.

நிலம் எல்லாவற்றையும் தீர்மானிக்காது என்பதற்கு நம் துறைமுகத்தை விடச் சான்று வேண்டுமா? ஆழமான, காற்றடங்கிய இயற்கைத் துறைமுகம். வாடைக்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத பாய்க்கப்பல்களுக்கு இது உயிர். அதனால்தான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காகச் சண்டையிட்டார்கள். அப்படியிருந்தும் நாட்டின் பெரிய வணிகத் துறைமுகம் கொழும்பில்தான் எழுந்தது, அதுவும் அலைதடுப்புச் சுவர் கட்டி. 1875இல் தொடங்கி 1885இல் முடித்தார்கள். ஏன்? கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டுக்குக் கொழும்பிலிருந்து 1867இலேயே ரயில் போய்விட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் மேற்குக் கரையைத் தொட்டுக்கொண்டே போயின. திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். கடலின் ஆழம் மட்டும் போதாது, பின்னால் விளைச்சலும் பாதையும் வேண்டும். ஓர் இடத்தின் சொந்த இயல்பு ஒன்று, மற்ற இடங்களோடு அதற்குள்ள தொடர்பு இன்னொன்று. பரீட்சை விடையில் இரண்டையும் எழுதாதவருக்குப் பாதிப் புள்ளிதான் நியாயம்.

நிலம் எல்லாவற்றையும் தீர்மானிக்காது என்பதைக் கோணேசர் மலையும் காட்டும். பாறை ஒன்றுதான். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குச் சுமந்தார்கள். வழிபட்டவருக்கு அது இறைவன் இருப்பிடம், படைத்தலைவருக்குத் துறைமுக வாயிலைக் காக்கும் உயரம்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எடுத்து ஒரு கிலோமீற்றர் கரையைக் குறிக்கட்டும்; வரைபடத்தில் அது 2 சென்ரிமீற்றர். கொப்பியில் மூன்று நிரல்: பொருள், ஏற்பாடு, நம்பிக்கை. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே "இது ஏன் இங்கே?" என்று ஒரு வரி. வழக்கமாக நேரும் தவறு, ஒரே பருவத்தில் பார்த்து முடிப்பது. மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் தென்மேல் பருவக்காற்று மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் இங்கே வந்து வாடி என்ற தற்காலிகக் குடில்கள் அமைப்பார்கள். மார்கழியில் போகிற பிள்ளை வெறும் மணலைப் பார்த்து "இங்கே யாரும் இல்லை" என்று எழுதிவிடும். ஆண்களிடம் மட்டும் கேட்பது அடுத்த தவறு. கருவாடு போடுவதில் பெண்களுக்கும் பங்கு உண்டு, அவர்களைக் கேட்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. ஆகவே ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை போகட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எது மாறியது, எது மாறவில்லை என்று அடிக்கோடு இடட்டும்.