அப்பாவின் பழைய பிக்அப்பைப் புதுப்பிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அப்பா ஓட்டிய 1977-ஆம் ஆண்டு டாட்சன் 620 பிக்அப் எட்டு வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது. எல்20பி இன்ஜின், கார்புரேட்டர் வண்டி. கேபின் தரையில் துரு தெரிகிறது. வீட்டிலேயே முழுக்கக் கழற்றி, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் பார்த்து, 2.4 லிட்டர் கேஏ24 இன்ஜினை ஏற்றி, கொஞ்சம் தாழ்த்தி ஓட்ட ஆசை. வெல்டிங் ஓரளவு வரும். மொத்தம் எட்டு மாதச் சம்பளம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஓய்வுக்காலப் பிடித்தமும் வீட்டுச் செலவும் போகச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. அவசரத்துக்கென்று இரண்டு மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. தனிநபர் கடன் 14 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம். வேலை முடிந்த பிறகு விற்றால் போட்டது இரண்டு மடங்காகத் திரும்பும் என்கிறார்கள் நண்பர்கள். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: வண்டி வேலையைத் தொடங்குங்கள். ஆனால் கடன் வாங்க வேண்டாம், ஓய்வுக்காலப் பணத்தையும் தொட வேண்டாம். மாதா மாதம் கையில் மிஞ்சுவதை வைத்து, மெதுவாக, ஒரு ஒழுங்கோடு செய்தால் இது உங்கள் குடும்பம் தாங்கக்கூடிய செலவுதான்.

‘செலவு’ என்று தெரிந்துதான் சொல்கிறேன். இதை முதலீடு என்று நினைத்துப் பணம் போடாதீர்கள். முதலில் ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வண்டியை உண்மையில் விற்பீர்களா? ‘அப்பா ஓட்டிய’ என்று சொல்லித்தான் அதைப் பற்றிப் பேசவே தொடங்குகிறீர்கள். இரண்டு மூன்று வருடம் உங்கள் கையாலேயே வெட்டி ஒட்டிச் சரிசெய்த பிறகு அதன் சாவியை இன்னொருவர் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வரும் என்று நான் நம்பவில்லை. விற்கப்போகாத பொருளின் விற்பனை விலையைக் காட்டிக் கடன் வாங்கினால், அந்த லாபம் ஒருநாளும் வீட்டுக்கு வராது. தவணை மட்டும் மாதா மாதம் வரும்.

சரி, விற்கத்தான் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு மடங்கு என்பது எனக்கு நம்பிக்கை தரவில்லை. 620 மாடல் 1972 முதல் 1979 வரை வந்தது, சுமை இழுப்பதற்காகவே. இதன் எல்20பி இன்ஜினும் அதே நிறுவனத்தின் 240இசட் ஸ்போர்ட்ஸ் காரின் எல்24 இன்ஜினும் ஒரே குடும்பம்தான். ஆனால் அந்தக் காருக்குக் கிடைக்கும் விலை இந்தப் பிக்அப்புக்குக் கிடைக்காது. செலவு மட்டும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான்: அதே தகடு, அதே பெயிண்ட், அதே வேலை நேரம். விலை குறைந்த பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்காததற்கு இதுதான் முக்கியக் காரணம். அதோடு, நல்ல விலை கேட்கப்படுவது பெரும்பாலும் துருப்பிடிக்காத, இன்ஜின் மாற்றாத வண்டிகளுக்கு. நீங்கள் இன்ஜினை மாற்றினால் உங்கள் ரசனை கொண்டவர்தான் வாங்குவார், அப்படிப்பட்டவர்கள் குறைவு.

இனி கடனைப் பார்ப்போம். எட்டு மாதச் சம்பளத்தை 14 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை உங்கள் சம்பளத்தில் சுமார் 18.6 சதவீதம் வரும். உங்களிடம் மிஞ்சுவதோ 20 சதவீதம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் ஒரு பழுது என்று எது வந்தாலும் மீதமுள்ள ஒன்றரை சதவீதத்தில் சமாளிக்க வேண்டும், அதுவும் 60 மாதங்களுக்கு. கட்டி முடிக்கும்போது மொத்தம் பதினோரு மாதச் சம்பளத்துக்குச் சற்று அதிகம் போயிருக்கும். வட்டி மட்டுமே மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டும். அந்த மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு ஸ்பேனர்கூட உங்கள் ஷெட்டுக்கு வராது.

ஓய்வுக்காலச் சேமிப்பு இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதில் தவணை என்ற உறுத்தல் இல்லை. 60 வயதுக்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது. ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் இன்று எடுக்கும் 100, அப்போது 370 ஆக இருந்திருக்கும். எட்டு மாதச் சம்பளத்தை எடுத்தால், கிட்டத்தட்ட முப்பது மாதச் சம்பளத்தை வேலை இல்லாத வயதிலிருந்து பிடுங்குகிறீர்கள் என்று அர்த்தம். முன்கூட்டியே எடுப்பதால் வரி, அபராதம் எதுவும் வந்தால் அது தனி.

நான் சொல்லும் வழி இது. இரண்டு மாதச் செலவுக்கான கையிருப்பு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போதாது, ஆறு மாதமாவது வேண்டும். அது நிரம்பும் வரை மாதம் மிஞ்சும் 20 சதவீதத்தில் 15-ஐ அங்கே போடுங்கள், 5-ஐ வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். சுமார் 21 மாதங்களில் கையிருப்பு ஆறு மாதத்தைத் தொடும். அதற்குள் வண்டிக் கணக்கிலும் ஒரு மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்திருக்கும். அதன் பிறகு பாதிக்குப் பாதி: பத்து வண்டிக்கு, பத்து சேமிப்புக்கு. ஐந்து வருட முடிவில் வண்டிக்குச் சுமார் ஐந்து மாதச் சம்பளம் செலவாகியிருக்கும், கடன் இருக்காது, கையிருப்பும் முழுதாக இருக்கும். எட்டு எங்கே, ஐந்து எங்கே என்று கேட்பீர்கள். அந்த எட்டில் பெரும் பங்கு இன்ஜின் மாற்றத்துக்கும் பெயிண்டுக்கும்தான் போகும் என்பது என் கணிப்பு. அந்த இரண்டையும் எப்படிக் குறைப்பது என்று கீழே சொல்கிறேன்.

பணம் எவ்வளவு என்பதைப் போலவே, எந்த வேலை முதலில் என்பதும் முக்கியம். முழுக்கக் கழற்றுகிறேன் என்றீர்களே, அதைத்தான் நான் தடுக்க விரும்புகிறேன். கழற்றுவதற்குச் சில வாரம் போதும், மாட்டுவதற்கு வருடங்கள் ஆகும். இடையில் வேலையோ உடம்போ மக்கர் செய்தால், பெட்டி பெட்டியாகக் கிடக்கும் வண்டிக்குப் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வண்டி சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஒரு வேலை முடிந்து வண்டி ஓடினால்தான் அடுத்த வேலைக்குப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம் இன்ஜினும் பிரேக்கும். எட்டு வருடம் நின்ற இன்ஜினில் நேராகச் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பெரிய செலவு ஒன்று தப்பியது. பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி விரிசல் விடும், சூடான இன்ஜின் மேல் அது கசிந்தால் தீதான். ஓடத் தொடங்கியதும் கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை, செய்யுங்கள். மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் உங்கள் எல்20பி-க்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வருடம் நின்றதில் இரும்புக் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், குழாய்கள் என்று மொத்தமாகப் பாருங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இந்தக் கட்டத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி ரப்பரும் குழாயும் ஆயிலும்தான். பெரிய செலவில்லாமல் வண்டி ஓடத் தொடங்கும்.

அடுத்து துரு. உங்கள் எட்டு மாதக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லாத இடம் இதுதான். தரையில் தெரிவது பெரும்பாலும் பாதிதான். மீதி கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பகுதியிலும், கேபினின் பின் மூலைகளிலும், கண்ணாடிச் சட்டத்துக்கு அடியிலும், சரக்குப் பெட்டியின் தரையிலும் மறைந்திருக்கும். உடம்புத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர்தான். 0.6 மில்லிமீட்டர் கம்பியோடு மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் முறை) புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால்தான் தகடு நெளியாது. தரைத் தகட்டை நீங்களே வெட்டி வளைக்கலாம். மூலைகளுக்கு வளைவு சேர்ந்த தகடு கிடைத்தால் அதை வாங்கிவிடுவதே மேல். கீழ்ப்பெட்டியை வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குள் ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே பற்றவையுங்கள். இல்லாவிட்டால் கேபின் தொய்ந்து அப்புறம் கதவு சேராது. துருவின் மேல் பட்டி பூசி மறைத்தால் அதே இடத்துக்கு இன்னொரு முறை செலவழிப்பீர்கள். என்ன மதிப்பீடு போட்டாலும் துருவுக்கு மட்டும் பாதி கூடுதலாக ஒதுக்குவது என் வழக்கம்.

வெட்டி ஒட்டிய இடத்தைச் சாதாரண ப்ரைமரோடு மாதக்கணக்கில் விடாதீர்கள். அது ஈரத்தை உள்ளே விடும், அடியில் மறுபடி துரு தொடங்கும். எபாக்ஸி ப்ரைமர் விலை கூடுதல்தான், ஆனால் உங்களைப் போல மெதுவாக வேலை செய்பவர்களுக்கு அதுதான் மலிவு. பெயிண்டைப் பொறுத்தவரை தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மறைப்பது எல்லாம் வீட்டில் செய்யுங்கள். கடையில் பெயிண்ட் கூலியில் பெரும் பங்கு இந்த முன்வேலைக்குத்தான் போகிறது. அடிப்பதை மட்டும் பெயிண்ட் பூத் உள்ளவரிடம் கொடுங்கள். ஹார்ட்னர் கலக்கும் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு செய்யக்கூடியது, தூசி மறைக்கும் முகமூடி அதைத் தடுக்காது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை அடிக்க வேண்டாம், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

இன்ஜின் மாற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கேஏ24 இதற்குப் பொருத்தமானதுதான், பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் அது தனியாக வராது. மவுண்ட், கியர்பாக்ஸ், நீளம் மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஒயரிங், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அழுத்தம் அதிகமான எரிபொருள் பம்ப், ரேடியேட்டர், சைலன்சர் என்று கூட்டத்தோடு வரும். வேகம் கூடினால் நான்கு ட்ரம் பிரேக்கும் போதாமல் முன்பக்கம் டிஸ்க் கேட்கும். இன்ஜின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்ற முடியுமா, என்ன சோதனை உண்டு என்பதை இன்ஜின் வாங்குவதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் எல்20பி-யையே வைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன், 32/36 வெபர் கார்புரேட்டர் போட்டு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள் என்பேன். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மாற்றுங்கள், அதற்குள் அதற்கான பணமும் சேர்ந்திருக்கும்.

தாழ்த்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பியைத் திருகி இறக்கலாம், பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் பிளாக் வைக்கலாம். செலவு குறைவு, வேண்டாமென்றால் பழையபடி ஆக்கிவிடலாம். எந்த மாற்றம் செய்தாலும் கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்துப் பெயர் எழுதி வையுங்கள்.

காப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சந்தை மதிப்புக்கு எடுத்தால் விபத்தில் வெறும் பழைய பிக்அப்பின் விலைதான் கிடைக்கும். இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி கிடைக்கிறதா என்று கேளுங்கள். பில்களும் படங்களும் அப்போது உதவும். செய்த மாற்றங்களையெல்லாம் எழுத்தில் தெரிவியுங்கள், மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஷெட்டில் வெல்டிங் செய்வதை வீட்டுக் காப்பீடு ஏற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு மாதச் சம்பளக் கடன் என்று கேட்டால் யாரும் பயப்படுவார்கள். மேலே சொன்ன கணக்கை அவருக்குக் காட்டுங்கள். கையிருப்பு முதலில் நிரம்பும், வண்டிக் கணக்கில் பணம் தீர்ந்தால் அந்த மாதம் வேலை நிற்கும் என்று இருவருமாக முடிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் ஷெட்டிலேயே போய்விடுமோ என்பதும் அவர் கவலையாக இருக்கலாம். அதையும் கேளுங்கள், அதுவும் இந்த வீட்டின் செலவுதான்.

இந்த மாதம் எதையும் வாங்க வேண்டாம். கேபின் விரிப்பைத் தூக்குங்கள், வண்டியைக் கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் போங்கள், வெறும் ஜாக்கை நம்பிப் போகாதீர்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் சேஸிஸில் மாட்டும் இடங்களையும், கேபின் உட்காரும் இடங்களையும், ஸ்டியரிங் பெட்டி பொருத்தியுள்ள இடத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நான் சொன்ன திட்டத்தைத் தொடங்கலாம். மந்தமான சத்தம் வந்தாலோ ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினாலோ நிறுத்திவிட்டுப் படங்களோடு எனக்கு எழுதுங்கள். சேஸிஸ் போயிருந்தால், நல்ல சேஸிஸ் உள்ள இன்னொரு 620-ஐத் தேடி இரண்டையும் ஒன்றாக்குவதே குறைந்த செலவில் முடியும், அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.