செல்லைக் காக்கும் புரதமும் சத்து மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 62. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய மாத்திரைப் புட்டியில், ‘செல்களைக் காக்கும் புரதங்களைத் தூண்டி மூப்பைத் தாமதப்படுத்தும்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு நாள் அளவில் வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட். தினமும் வேகநடை போகிறேன். இதையும் சேர்த்துக்கொள்ளலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: அத்தகைய புரதங்கள் நம் உடலில் இருப்பது உண்மைதான். இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா, பழ ஈ லார்வாக்களின் உமிழ்நீர்ச் சுரப்பி செல்கள் கூடுதல் வெப்பத்துக்கு ஆட்பட்டதும், அவற்றின் குரோமோசோம்களில் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் புடைத்து எழுவதைக் கண்டு 1962-ல் வெளியிட்டார். அந்த இடங்களிலுள்ள மரபணுக்கள் உருவாக்குபவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்பது பின்னர் தெரியவந்தது. எந்தப் புரதமும் தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். வெப்பமோ நச்சோ அந்த மடிப்பைக் குலைக்கும்போது இவை அதைச் சரிசெய்கின்றன, தேறாதவற்றைச் சிதைவுக்கு அனுப்புகின்றன. வயது ஏற ஏற இந்தத் திறன் மந்தமாகிறது.

ஆனால், செல்லுக்கு ஓரளவு நெருக்கடி வந்தால்தான் இந்தக் காவல் முடுக்கிவிடப்படும் என்பதைப் புட்டியில் அச்சிடமாட்டார்கள். நீங்கள் வேகமாக நடக்கும்போது தசைகளில் உண்டாகும், தீயவை என்றே பெயரெடுத்துவிட்ட, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்தாம் செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தயாரிக்கச் சொல்லும் சமிக்ஞையாகவும் இருக்கின்றன. வைட்டமின் சி, ஈ இரண்டும் அந்த மூலக்கூறுகளை அடக்குபவை. 2009-ல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் இளைஞர்களை 4 வாரங்கள் உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு உங்கள் புட்டியில் உள்ள அதே அளவில் வைட்டமின் சி, ஈ கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களிடம் இன்சுலினின் செயல்திறன் கூடியது, பாதுகாப்பு நொதிகளுக்கான மரபணுக்களும் சுறுசுறுப்படைந்தன. எடுத்தவர்களிடம் இரண்டுமே நிகழவில்லை. இது சிறிய ஆய்வு, பின்னர் வந்தவை அனைத்தும் இதனுடன் ஒத்துப்போகவும் இல்லை.

உங்கள் வயது ஆண்களுக்கு அதைவிட முக்கியமான தகவல் வேறு உண்டு. அமெரிக்கா, கனடா உள்ளிட்ட இடங்களில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ‘செலக்ட்’ ஆய்வில், தினமும் வைட்டமின் ஈ 400 யூனிட் மட்டும் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது 2011-ல் தெரியவந்தது. மகன் ஆசையாக அனுப்பியது என்பதற்காக விழுங்க வேண்டாம்; நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சைவ உணவுக்காரியான என் தாயார் சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மருத்துவர் வைட்டமின் பி12 மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். இதுவும் வீண்தானா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இல்லை. தாவர உணவில் பி12 அநேகமாகக் கிடையாது. பால், தயிரிலிருந்து கிடைப்பதை உடல் உறிஞ்சுவதையும் மெட்ஃபார்மின் குறைக்கக்கூடும், முதுமையும் குறைக்கும். பாத எரிச்சலும் மரத்துப்போவதும் சர்க்கரையால்தான் வருகின்றன என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பி12 குறைபாட்டாலும் அவை வரும், நாள்பட்டால் நரம்புச் சேதம் முழுதாகச் சீராகாமலும் போகலாம். மருத்துவர் சொன்ன அளவில் தவறாமல் கொடுங்கள். இரத்தத்தில் பி12 அளவை எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.