அந்த 310 எண்களை யார் எழுதச் சொன்னது?

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 66 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 14 வருடமாகிறது. பட்டர்வொர்த்தில் என்னோடுதான் இருக்கிறார். காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுகிறார். ஒரு நாளைக்கு 4 தடவை விரலைக் குத்தி இரத்தத்தில் சர்க்கரை பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அரசாங்க கிளினிக்கில் இன்சுலின் கொடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கான ஸ்ட்ரிப் கொடுப்பதில்லை. ஃபார்மசியில் 50 ஸ்ட்ரிப் 60 வெள்ளி. ஒரு பெட்டியை அம்மா 3 மாதத்துக்கு இழுக்கிறார். கிளினிக்குக்குப் போவதற்கு முதல் நாள் இரவு நானே உட்கார்ந்து 8, 9 என்று ஏதாவது போட்டுப் புத்தகத்தை நிரப்பிவிடுவேன். காலியாக இருந்தால் மிஸ்ஸி (தாதி) திட்டுவார். போன தடவை டாக்டர் இரவு இன்சுலினைக் கூட்டினார். அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீனி போட்டுக் கோப்பி கொடுத்ததும் தெளிந்துவிட்டார். வெக்கை என்று விட்டுவிட்டோம். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், தம்பிக்கு பாயான் லெப்பாஸில் வேலை. அவர்களிடம் சொல்லித் தொந்தரவு செய்யாதே என்கிறார் அம்மா. டாக்டர் எழுதிக் கொடுத்ததை அரசாங்கம் ஏன் தர மறுக்கிறது? நாங்கள் யாரிடம் முறையிடுவது?
— ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்:

தங்கச்சி,

ஸ்ட்ரிப் விலையைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். அதனால் உங்கள் முறையீட்டுக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. "நானே உட்கார்ந்து 8, 9 என்று ஏதாவது போட்டு நிரப்பிவிடுவேன்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 மாதம் என்றால் 90 நாள். நாளைக்கு 4 தடவை என்றால் 360 கட்டம். உங்களிடம் இருந்தது 50 ஸ்ட்ரிப். அப்படியானால் மீதி 310 எண்கள் எங்கிருந்து வந்தன? அம்மாவின் இரத்தத்திலிருந்து வரவில்லை. உங்கள் பேனாவிலிருந்து வந்தன. அந்தப் பேனாவை நம்பித்தான் டாக்டர் இன்சுலினைக் கூட்டியிருக்கிறார்.

ரொம்ப நல்லதாகவும் இல்லாமல், ரொம்ப மோசமாகவும் இல்லாமல் இருக்கட்டும் என்று 8, 9 (மில்லிமோல் கணக்கில்) போட்டிருப்பீர்கள். அது பாதகமில்லாத எண் என்று நினைத்தீர்களா? இரண்டு வேளை கலவை இன்சுலின் போடுகிறவருக்கு, இரவு போடும் அளவு சரியா என்பதைக் காலையில் வெறும் வயிற்றில் வரும் எண்ணை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். காலை எண் தினமும் 8, 9 என்று இருந்தால், இரவு மருந்து போதவில்லை என்று தோன்றும். கூட்டுவார். உண்மையில் அம்மாவுக்குக் காலையில் 5 இருந்திருந்தால்? கூட்டிய மருந்து விடியற்காலையில் சர்க்கரையைக் கீழே தள்ளும். உடம்பு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும், பெற்ற மகளை ஆள் தெரியாமல் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலை வரும். இனிப்பு உள்ளே போனதும் தெளியும்.

நீங்கள் வெக்கை என்று எழுதியது இதைத்தான். வெக்கைக்கு வியர்த்தால் சீனி போட்ட கோப்பியில் தெளியாது, தங்கச்சி. அன்று நடந்தது என்ன என்று உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நான் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த விடியற்காலைக்குரிய கட்டத்தில் நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்? அடுத்த கிளினிக் தேதிக்கு முதல் நாள் இரவு அதையும் 8.4 என்று போட்டு நிரப்பிவிடுவீர்களா? நிரப்பினால், அம்மாவைக் காப்பாற்றக் கூடிய ஒரே தகவலை நீங்களே அழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரத்தத்தை எடுத்து லேப்பில் பார்க்கும் ஹெச்பிஏ1சி காட்டிக் கொடுக்காதா என்று நினைக்காதீர்கள். அது ஏறக்குறைய 3 மாதத்துச் சராசரி. பகலில் 15-க்கு ஏறி விடியற்காலையில் 3-க்கு விழுகிற உடம்பின் சராசரியில் அந்த 3 தெரியவே தெரியாது.

மிஸ்ஸி திட்டுவார் என்பதற்காக இதைச் செய்தேன் என்கிறீர்கள். உங்களுக்கு வயது எத்தனை? 10 நிமிடம் கவுண்டரில் நின்று திட்டு வாங்குவதற்குக் கூசி, தாயின் உடம்பில் ஏறும் மருந்தின் அளவையே மாற்றிவிட்டீர்கள். கடுமையாகப் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

டாக்டரையும் நான் விடப்போவதில்லை. "4 தடவை பாருங்கள்" என்று எழுதுகிற கை, "உங்களால் வாங்க முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் இன்சுலினும் ஊசியும் கொடுத்துவிட்டு, அந்த இன்சுலின் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கும் ஸ்ட்ரிப்பை மட்டும் பெரும்பாலான குடும்பங்கள் கைக்காசு போட்டு வாங்க வேண்டியிருப்பது அநியாயம். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி நம்மைவிட உரக்கக் கேட்க வேண்டியவர்கள் வேறு யார்?

ஆனால் எதை வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? கிளினிக்கில் இருக்கும் பதிவைப் பாருங்கள். உங்கள் அம்மா நாள் தவறாமல் 4 தடவை பார்க்கிறார், ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஸ்ட்ரிப் பற்றாக்குறை என்று ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாக அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. உங்களைப் போலவே அடுத்த தாமானில் ஒரு மகள் நிரப்புகிறாள், பிறையில் ஒரு மருமகள் நிரப்புகிறாள். எல்லாப் புத்தகமும் நிறைந்து இருக்கிறது. யாருக்கும் குறையே இல்லை. காலியாகக் கிடந்திருக்க வேண்டிய அந்த 310 கட்டங்கள்தான் உங்கள் முறையீடு. அதை நீங்களே பூசி மெழுகிவிட்டு, அரசாங்கம் ஏன் தரவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

உங்கள் அண்ணன் தம்பி விஷயத்திலும் இதையேதான் செய்கிறீர்கள். கிளினிக்குக்குப் புத்தகத்தை நிரப்பிக் காட்டுகிறீர்கள், அவர்களுக்கு "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லிக் காட்டுகிறீர்கள். அம்மா தொந்தரவு வேண்டாம் என்கிறாராம். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். நம் தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளைகளிடம் கேட்பதை அவமானமாக நினைத்தே வாழ்ந்து முடித்தவர்கள். அவர் கேட்காமல் இருப்பது அவர் சுபாவம். ஆனால் மகன்களின் காதுக்கு எட்டாமல் நீங்கள் மறைப்பதற்கு என்ன பெயர்? கூட இருந்து பார்க்கிற மகள்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று எந்தத் தாயும் பெற்று வளர்க்கவில்லை. பிள்ளை மூவர் என்றால் கடமையும் மூவருக்கும்தான். சொல்லாமல் விட்டால் அவர்கள் தவறியவர்கள் ஆகமாட்டார்கள், நீங்கள்தான் தடுத்தவர் ஆவீர்கள். சொன்ன பிறகும் கைவிரித்தால் அப்போது எனக்கு எழுதுங்கள். அவர்களுக்கு நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

காசு எவ்வளவு என்று பார்ப்போம். டாக்டர் சொன்னபடியே 4 தடவை பார்த்தால், நீங்கள் சொன்ன விலையில் 3 மாதத்துக்கு 432 வெள்ளி. மாதம் 144. மூவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 48. சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் மகனாலும் பாயான் லெப்பாஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனாலும் முடியாத தொகையா இது? நிஜமாகவே முடியாத நிலை என்றால், அதையும் அவர்கள் வாயால் சொல்லட்டும். நீங்களாக அவர்களுக்காக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. எல்லோரும் என்றைக்கும் 4 தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கிடைக்கிற ஸ்ட்ரிப்பை எந்த நேரத்தில் செலவழித்தால் அதிகப் பயன் என்று டாக்டராலோ இனிப்பு நீர் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் தாதியாலோ திட்டம் போட்டுத் தர முடியும். இரண்டு வேளைக் கலவை இன்சுலினுக்குக் காலைப் பசியாறலுக்கு முன்னும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் வரும் எண்கள் முக்கியம். மருந்தைக் கூட்டிய பிறகு சில நாள் படுக்கும் முன்னும் விடியற்காலை 3 மணிக்கும் பார்க்கச் சொல்வார்கள். நாளைக்கு 2 என்று அவர் ஒப்புக்கொண்டால் செலவு மாதம் 72 வெள்ளி, ஆளுக்கு 24. ஆனால் அந்தத் திட்டத்தை அவர் போட வேண்டுமானால், நீங்கள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அம்மா தன் இஷ்டத்துக்கு, உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் ஒன்று பார்த்துவிட்டு பெட்டியை மூடி வைப்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

ஆகவே அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள். மெஷினையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் பார்த்த தேதியும் எண்ணும் பதிவாகியிருக்கும், டாக்டர் ஒரு பட்டனை அழுத்தினால் எது நிஜம் என்று தெரிந்துவிடும். அவர் அழுத்தும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், இந்தப் புத்தகத்தில் பெரும்பாலானது நான் எழுதியது. எங்களிடம் 3 மாதத்துக்கு 50 ஸ்ட்ரிப்தான் இருந்தது. மருந்து கூட்டிய பிறகு ஒரு விடியற்காலை அம்மாவுக்கு இப்படி ஆனது." அம்மாவின் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 14 வருட நோய். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், சர்க்கரை இறங்குவதும் அதிகமாகும். நீங்களாக இன்சுலினை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இன்றைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டு, இன்றிரவு எவ்வளவு போடுவது என்று கேளுங்கள்.

மறுபடி வியர்த்து நடுங்கினால், முதலில் விரலைக் குத்திப் பாருங்கள். 4.0-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வையுங்கள். அந்த நேரத்தில் ஸ்ட்ரிப் இல்லையென்றால் பார்க்காமலே சீனித் தண்ணீரைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-க்கு அழையுங்கள். இதற்காகவே 10 ஸ்ட்ரிப்பாவது எப்போதும் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அம்மா சிக்கனம் பிடித்தாலும் அதில் கை வைக்க விடாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று தேதி முடிந்த ஸ்ட்ரிப்பையோ வேறு மெஷினுடையதையோ வாங்கிவிடாதீர்கள், எண் தப்பாகக் காட்டும். ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை மூடிவிடுங்கள், நம் ஊர் ஈரக் காற்று அதைக் கெடுத்துவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து காட்டும், ஒரு ஸ்ட்ரிப் வீண்.

இப்போது முறையீட்டுக்கு வருகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் (மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவர்களின் நிலையை விசாரித்து உதவிக்கு வழிகாட்டுபவர்கள். அங்கே அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அங்கே குடும்ப வருமானத்தைக் கேட்பார்கள். அப்போது அண்ணன் தம்பி பெயர் எப்படியும் வெளியே வரும், அதற்கும் இன்றே தயாராகுங்கள்.

அதன் பிறகு உங்கள் தொகுதி ஒய்பியிடம் (மக்கள் பிரதிநிதியிடம்) போங்கள், சுகாதார அமைச்சுக்கும் எழுதுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கு முன் 3 மாதம் புத்தகத்தில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பார்க்காத கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, "ஸ்ட்ரிப் இல்லை" என்று எழுதுங்கள். மிஸ்ஸி திட்டினால் அந்தக் கோட்டைக் காட்டுங்கள். அந்தப் பக்கங்களின் நகலைத்தான் ஒய்பியிடம் கொடுக்க வேண்டும். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி வரட்டும்.

அண்ணனுக்கு இன்றிரவே போன் பண்ணுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பண்ணுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.