பிரான்ஸ் விசா எடுத்துக்கொண்டு கிரீட் தீவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, கணவருக்கு 63. செப்டம்பரில் எட்டு நாள் கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹனியா நகரில் கடலோரமாக ஓய்வாக இருக்க ஆசை. எனக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். ஏஜென்ட், "கிரேக்கத்துக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை, பிரான்ஸுக்குப் போட்டுவிடலாம், எல்லாம் ஷெங்கன்தானே" என்கிறார். இன்னொரு கிரேக்கத் தீவான சாந்தோரினியில் இரண்டு நாளும் சேர்க்கச் சொல்கிறார். சரியா? - வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே வேண்டாம்.

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அதன் விசா எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுதான். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது கிரேக்கம். பிரான்ஸுக்குப் போடுவதென்றால் பாரிஸில் ஹோட்டல் எடுத்ததுபோல ஒரு பொய்த்தாள் தயாராகும். அதன்கீழ் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், ஏஜென்ட் அல்ல. தூதரகம் அந்த ஹோட்டலை விசாரித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரிப்பு ஷெங்கன் விசாப் பதிவேட்டில் ஐந்து ஆண்டு இருக்கும். அடுத்து எந்த உறுப்பு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அது அவர்கள் கண்ணில் படும். விசா கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ஏதென்ஸ் இமிக்ரேஷனில் "பிரான்ஸ் விசா வைத்துக்கொண்டு பிரான்ஸ் பக்கமே போகவில்லையே" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "முதலில் எந்த நாட்டில் இறங்குகிறோமோ அந்த நாட்டு விசா" என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு நாடுகளில் சம அளவு நாட்கள் தங்கும்போது மட்டும்தான் அந்த விதி. பாரிஸில் நான்கு இரவு, ஹனியாவில் நான்கு இரவு, முதலில் இறங்குவது பாரிஸ் என்றால் பிரான்ஸ். பாரிஸில் மூன்று, ஹனியாவில் ஐந்து என்றால், பாரிஸில் முதலில் இறங்கினாலும் கிரேக்கம்தான். பாரிஸில் வெறுமனே விமானம் மாறுகிறீர்கள், நுழைவுப் பதிவும் அங்கேதான் ஆகிறது என்றாலும் கிரேக்கம்தான். விமானம் மாறுவதெல்லாம் தங்குவதாகாது.

அப்பாயின்ட்மென்ட் இல்லை என்பதில் பாதி உண்மை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. விசா விண்ணப்ப மையத்தின் இணையதளத்தைத் திறந்தால் ஒரு தேதிகூடக் காலியாக இருக்காது. தேதிகளை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்கிற கூட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதைத் தடுக்க இத்தனை ஆண்டுகளாக உருப்படியாக ஒன்றும் செய்யாதது வெட்கக்கேடு. ரத்தாகும் தேதிகள் திரும்ப வரும்; ஏப்ரல், மே மாதங்களில் தினமும் நீங்களே பாருங்கள். தேதிக்கென்று யாருக்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். முடிவு வர 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும் என்பதால் ஜூனுக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. கவுன்டரில் எஸ்எம்எஸ், பிரீமியம் லவுஞ்ச் என்று அடுக்குவார்கள். எதுவும் கட்டாயமில்லை, "வேண்டாம்" என்றால் போதும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் திடீரென்று பெரிய தொகையைப் போட்டுக் காட்டச் சொன்னால் கேட்காதீர்கள், சந்தேகம் வருவதே அதனால்தான்.

சாந்தோரினிக்குப் பெரும்பாலான படகுகள் கிரீட்டின் இன்னொரு நகரமான ஹெராக்லியோனிலிருந்து கிளம்புகின்றன. அது ஹனியாவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதன்பிறகு படகு. போக ஒரு நாள், வர ஒரு நாள் பெட்டியோடு அலைச்சல்; காற்று பலமாக அடித்தால் படகே ஓடாது. எட்டு நாள் ஓய்வில் இதற்கு இடமில்லை. இதே காரணத்தால் "கிரீட்" என்று மலிவாகத் தெரியும் விமான டிக்கெட்டில் இறங்கும் ஊரைப் பாருங்கள், பெரும்பாலும் ஹெராக்லியோனாக இருக்கும். ஏதென்ஸிலிருந்து ஹனியாவுக்கே நேரடி விமானம் உண்டு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையிலிருந்து ஹனியா வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் வீண்.

உங்கள் முழங்காலுக்கு முக்கியமானது தங்கும் இடம். ஏஜென்ட் படத்தில் காட்டுவது பழைய வெனிசியத் துறைமுகத்தை ஒட்டிய வீடுகளாக இருக்கும். அழகுதான், ஆனால் அந்தச் சந்துகள் பலவற்றில் கார் நுழையாது. கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துப் போக வேண்டும். உள்ளே செங்குத்தான, குறுகலான மரப்படி. லிஃப்ட் இருப்பது அபூர்வம். கீழே உணவகம் இருந்தால் நள்ளிரவு வரை சத்தம் வேறு. நேயா ஹோரா பகுதியில் எடுங்கள். துறைமுகத்துக்கு மேற்கே கால் மணி நேர நடை, மணல் கடற்கரை, ஆழம் மெதுவாகத்தான் கூடும், கரையோரத் தெரு முழுக்க உணவகங்கள். பணம் கட்டுமுன் லிஃப்ட் உண்டா, டாக்சி வாசல் வரை வருமா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். அங்கே முதல் மாடி என்றால் ஒரு மாடி ஏற வேண்டும், நம்மூர் போலத்தான். அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அரசுக் கட்டணம் தனியாக, பெரும்பாலும் ஹோட்டலிலேயே கேட்பார்கள். 2025 கணக்குப்படி கோடையில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு 5 யூரோ, நான்குக்கு 10. இது ஏமாற்று அல்ல.

வெளியே போக ஒரு நாள் எலஃபோனிசி கடற்கரை போதும். சீசனில் ஹனியா பேருந்து நிலையத்திலிருந்தே பேருந்து உண்டு. பாலோஸ் கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டால் கிஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போங்கள். காரில் போனால் மண் பாதை, பிறகு கார் நிறுத்துமிடத்திலிருந்து நெடுந்தூரம் படி இறங்கி, அதே படியில் ஏற வேண்டும். வாடகைக் காருக்குப் பெரும்பாலும் அந்தப் பாதையில் காப்பீடும் செல்லாது. சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நடை, அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வாற்கோதுமை ரஸ்க்கின்மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த தாகோஸ், மசித்த பருப்பான ஃபாவா, காய்கறிகளை அடுப்பில் சுட்ட பிரியாம், வேகவைத்த கீரையான ஹோர்த்தா எல்லாம் எங்கும் கிடைக்கும். தக்காளி, குடமிளகாய்க்குள் சோறு அடைத்த கெமிஸ்தாவில் மட்டும் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பார்கள். "ஹோரிஸ் க்ரேயாஸ்?", அதாவது இறைச்சி இல்லாமலா, என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.