ரீச்சர் பதில்கள்: "தம்பி, எந்தப் பள்ளிக்கூடம்?"

கேள்வி: வணக்கம் ரீச்சர். எனக்குப் பண்டாரவளை. வங்கி வேலையில் மாற்றலாகிக் கிளிநொச்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே யாரைச் சந்தித்தாலும் பெயருக்கு அடுத்த கேள்வி "தம்பி, எந்தப் பள்ளிக்கூடம்?" என்பதுதான். மார்ச்சில் எங்கள் கிளையில் இரண்டு பேர் லீவு போட்டு யாழ்ப்பாணத்துக்கு மட்ச் பார்க்கப் போனார்கள், இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, திரும்பி வந்தபோது குரலே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு முப்பது வருடம் கழித்தும் இது என்ன பைத்தியம்?

பதில்: தம்பி, அவர்கள் போனது வடக்கின் பெருஞ்சமருக்காக இருக்கும். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய துடுப்பாட்டம், மூன்று நாள் நடக்கும், யுத்தத்தால் சில வருடங்கள் நடக்காமலும் போனது. (எங்கள் பக்கம் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான், இந்தியாவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) மைதானத்தில் விக்கெட் விழுவதைவிட, ஒன்றாகப் படித்தவனைப் பத்து வருடத்துக்குப் பிறகு காண்பதுதான் அங்கே பெரிய விஷயம். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் அந்த வாரத்தைப் பார்த்து டிக்கெட் போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வன்னியில் அந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரில் பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி கிடைத்து வந்தவர்கள், விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டத்தில் வந்தவர்கள், 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் அடிபட்டு வந்தவர்கள். பக்கத்து வளவுக்காரருக்கும் நமக்கும் ஒரே ஊர்க் கோயில் இல்லை, ஒரே பேரன் பூட்டன் இல்லை, முதன்முதலாக இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வந்தது பிள்ளைகள் சேர்ந்து படித்த பள்ளிக்கூடம்தான். அதனால்தான் கேட்கிறார்கள். சில வாய்களில் அந்தக் கேள்விக்குள் ஊரையும் சாதியையும் மோப்பம் பிடிக்கும் எண்ணம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அப்படிக் கேட்பவருக்கு நீங்கள் விவரம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு உங்கள் பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெருமையாகச் சொல்லுங்கள், அங்கே படித்த யாரையாவது தங்களுக்குத் தெரியும் என்று கட்டாயம் சொல்வார்கள்.

கேள்வி: ரீச்சர், என் தங்கச்சியின் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போயிருக்கிறான். அங்கே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடந்தால் மாணவர்கள் முடியும்வரை கதிரையில் இருக்கவே மாட்டார்களாம், நின்றபடிதானாம். ஏப்ரல் 21ஆம் திகதி எல்லோரும் கூடிச் செத்தவர்களின் பெயரைக் கூப்பிட, வேறொருவர் "இருக்கிறேன்" என்று சொல்வாராம். பெடியன் பயந்துபோய்ப் போன் எடுக்கிறான், தங்கச்சியும் அழுகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது? (வாசகி, முள்ளியவளை)

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை, கதையைச் சொன்னால் பெடியனுக்கு விளங்கும். அது 1876இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நீண்டகாலம் இராணுவப் பயிற்சியோடு நடந்தது, அந்த வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1922இல் டல்லஸில் ஒரு போட்டி. அவர்களுடைய வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயப்பட, பார்வையாளர் பக்கத்தில் நின்ற ஒரு மாணவனைக் கூப்பிட்டுச் சீருடை போட வைத்தார்கள். அவன் விளையாட வேண்டி வரவில்லை, ஆனால் தேவைப்பட்டால் இறங்குவேன் என்று கடைசிவரை கரையில் ஆயத்தமாக நின்றான். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் நிற்கிறார்கள்.

ஏப்ரல் 21 விஷயம் எனக்கு நெருக்கமானது. கடந்த வருடத்தில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிநேகிதரோ உறவுக்காரரோ "இருக்கிறேன்" என்பார், ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

யுத்தம் முடிந்து மீள்குடியேறி 2010இல் எங்கள் பள்ளிக்கூடம் திறந்தபோது கூரைத் தகடு இல்லை, தறப்பாள்தான். பழைய இடாப்பும் இல்லை. யார் வந்தது, யார் வரவில்லை என்று அறிய, ஞாபகத்தில் இருந்த பெயர்களை ஒரு ஒற்றையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். சத்தம் வராத பெயர்களுக்குப் பிள்ளைகளே சொன்னார்கள்: இன்னும் செட்டிகுளம் முகாமில் ரீச்சர், இந்தியாவுக்குப் போயிட்டினம் ரீச்சர். ஒரு பெயருக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் எழுந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்ப வாங்கில் இருந்தாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒற்றை இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பெடியனிடம் சொல்லுங்கள், அடுத்த ஏப்ரலில் ஒருதரம் போய்ப் பின்வரிசையில் நிற்கட்டும். அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள், அதே பல்கலைக்கழகத்தில் போட்டிக்கு முன் பெரிய மரக்குற்றிகளைக் கோபுரமாக அடுக்கித் தீ மூட்டும் வழக்கம் 1909இல் இருந்து இருந்தது. 1999 நவம்பர் 18ஆம் திகதி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து 12 பேர் இறந்துபோனார்கள், 27 பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகு பல்கலைக்கழகம் அதை நடத்துவதில்லை. தொண்ணூறு வருட வழக்கம் ஆயிற்றே என்று தயங்கிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ.

கேள்வி: மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். "பகிடிவதை காலங்காலமாக வருவது மாமா, அதைத் தாண்டினால்தான் பட்ச் ஒற்றுமை வரும்" என்று அங்கே படிக்கிற பெடியள் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா? (தந்தை, வட்டக்கச்சி)

பதில்: விடவே கூடாது ஐயா. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவன் பகிடிவதையில் வதைபட்டுச் செத்துப்போனான், அடுத்த வருடமே 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் 2 வருடம்வரை சிறை, பாரதூரமான காயம் ஏற்படுத்தினாலோ பாலியல் தொல்லை கொடுத்தாலோ 10 வருடம்வரை போகலாம். கல்லூரிக் கீதத்துக்கு எழுந்து நிற்கச் சொல்வதும், ஒரு பிள்ளையை முழங்காலில் நிற்க வைப்பதும் ஒன்றா? இரண்டையும் "பாரம்பரியம்" என்ற ஒரே சொல்லால் மூடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் கோபம் வரும். முதல் மாதம் தினமும் இரவு மகளோடு கதையுங்கள். நடந்ததைத் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். "சமாளிச்சுக்கொள் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் அதன் பிறகு அவள் உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

கேள்வி: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மகனின் இல்லத்தை அலங்கரிக்கப் பிள்ளைக்கு 2,000 ரூபா கேட்கிறார்கள். நான் கூலிக்குப் போகிறவள். இல்லை என்று சொன்னால் மகனுக்கு அவமானமாகிவிடுமோ? (தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: இல்லப் பொறுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, காசுக்குப் பதிலாக ஓலை வேலைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள் அம்மா. வாடகைத் துணியும் ரெஜிபோமும் வந்த பிறகுதான் இந்தக் காசுக் கதை வந்தது. நான் கண்டதிலேயே வடிவான இல்லம் பனையோலையும் தென்னங்குருத்தும் வைத்து நாலு தாய்மார் ஒரு பகலில் கட்டியது, அதற்குச் செலவு தேத்தண்ணிக்கும் கயிற்றுக்கும்தான். உங்களைப் போல இன்னும் பல தாய்மார் வாய் திறக்காமல் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். குருத்தை விடியவே வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள், வெயில் ஏறினால் தோரணம் சுருண்டுவிடும்.